கேட்டது: செவலை மாடு

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடினால் எனக்கு ஆட்கள் வருவதில்லை, குரல்கள்தான் வருகின்றன. யாரோ இருமுகிறார். அதற்குப் பின்னால் தகரத்தின் மேல் மழை. எங்கோ ஒரு மாடு கழுத்தை ஆட்ட, மணி ஒரு தரம் குலுங்கி நிற்கிறது. பிறகு "சொல்லட்டுங்களா?" என்று ஒரு கட்டைக்குரல். தூக்கத்திலேயே என் கட்டைவிரல் போய் எதையோ அமுக்குமாம். "இன்னாங்க, மறுபடியும் மெஷினா?" என்பாள் என் வீட்டுக்காரி. அவளுக்குச் சிரிப்பு. அந்த மணி எந்த மாட்டுக் கழுத்து மணி என்று அவளிடம் நான் சொன்னதில்லை.

போன மாசம், நான் வேலை பார்த்த இடத்திலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். புதுசாகச் சேர்ந்த ஒரு பையனும் ஒரு பெண்ணும். மலைப் பேச்சைப் பதிவு பண்ணக் கல்வராயன் மலைக்குப் போகிறார்களாம், எங்கே தங்கலாம், யாரைப் பார்க்கலாம் என்று என்னிடம் கேட்க வந்தார்கள். எங்கள் காலத்து டேப் மெஷின் இல்லை, கேசட் இல்லை, கையில் ஒரு செல்போன்தான். அதற்குள் ஒரு படிவம். சொன்னவர் பெயர், வயது, ஊர், சமூகம். அவ்வளவுதான். நான் மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தேன்.

"கேட்டவர் எங்கப்பா?"

"அப்படின்னா சார்?"

"யாரப் பாத்து சொன்னாங்க, எதிர்ல யாரு உக்காந்திருந்தாங்க. அந்த வரி எங்க?"

"அது எதுக்கு சார்? கேக்கறது போன்தானே!"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. எழுபதை நெருங்கும் வயதில் அப்படிக் கத்தக் கூடாது, கத்தினேன். வந்தவர்கள் டீயைக் குடிக்காமலே எழுந்துவிட்டார்கள். வாசலில் செருப்பை மாட்டும்போது அந்தப் பெண், பாவம், நல்ல பெண், "அந்த ஒரு வரியில அப்படி இன்னா சார் இருக்குது? எழுதியாவது குடுங்களேன்" என்றாள். கோபத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுதக் கோபம் போய்விட்டது, வேறு ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

என் உத்தியோகத்தின் ஆரம்பம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் அப்பாவுக்கு லுங்கிக் கடை. வீட்டுக்குள் உருது, படியிறங்கினால் தமிழ். துணி கிழிக்கத் தெரியவில்லை, நேராகக் கிழித்தாலும் கோணலாகப் போகும், அதனால் டைப்ரைட்டிங் படிக்க அனுப்பினார்கள். மொழி ஆய்வுத் திட்டம் ஒன்றுக்குத் தற்காலிக உதவியாளர் வேண்டும், இந்தி பேசினால் நல்லது என்று கேள்விப்பட்டுப் போனேன். வீட்டு உருதுவையே இந்தி என்று சொல்லி உள்ளே நுழைந்துவிட்டேன். "காதர், இது இந்தி இல்லை. ஆனால் நன்றாக இருக்கிறது" என்றார் எதிரில் இருந்தவர். அவர்தான் பிபின் சார்.

குஜராத்காரர். ஊரில் ஒரு கல்லூரியில் மொழியியலும் இலக்கியமும் சொல்லிக் கொடுத்தவர். பழைய குஜராத்திப் பக்திப் பாட்டுகளை ஏடு ஏடாகத் தேடி எடுத்து, ஒப்பிட்டுப் புத்தகமாகப் போட்டவர். வெள்ளை ஜிப்பா, தோளில் பை, கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் நூல். கரியாலூரில் நாங்கள் போய் இறங்கிய அன்றைக்கு ஒரு அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அடியே, அடகுக்கடை சேட்டு மலைக்கே வந்துட்டாருடி!" என்று கத்தினாள். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் சார் அதையும் ஒரு அட்டையில் எழுதிக்கொண்டார். கூச்சம் என்பதே கிடையாது அவருக்கு.

அந்த அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். போஸ்ட் கார்டு அளவு, கொஞ்சம் தடி. மேலிருந்து நான்கு வரிகள்: சொன்னவர், இடம், கையில் என்ன இருந்தது, கேட்டவர். கதையோ பாட்டோ எதைப் பதிவு செய்தாலும் இந்த நான்கும் நிரம்பியிருக்க வேண்டும். இதில் கேட்டவர் வரியை விட்டுவிட்டால் சார் திட்ட மாட்டார். அந்த அட்டையைக் கொண்டுவந்து என் டைப்ரைட்டர் மேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விடுவார். அவருடைய கோபம் மொத்தமும் அவ்வளவுதான். இரண்டு அறை கொடுத்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

ஏன் அந்த வரி என்று ஒரு தரம் கேட்டேன். "ஒரே பாட்டு மூன்று ஏட்டில் மூன்று விதமாக இருந்தது, காதர். எது சரி என்று பத்து வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டேன். அப்புறம்தான் புத்தியில் பட்டது. பாடியவன் ஒருத்தன்தான், எதிரில் உட்கார்ந்தவர்கள் வேறு வேறு. அதை ஒருத்தனும் எழுதி வைக்கவில்லை" என்றார். சொல்லிவிட்டுப் பனியைப் பார்த்துக்கொண்டே நின்றார். மலையில் அந்த நேரத்துக்குப் பனி கதவு வரைக்கும் வந்து, உள்ளே வரட்டுமா என்று கேட்பது போல நிற்கும்.

வேலை நடந்த விதம் இதுதான். போன வீட்டில் முதலில் மெஷினை வெளியே எடுக்கக் கூடாது. கொடுத்ததைச் சாப்பிட வேண்டும். சொல்பவர் தரையில் உட்கார்ந்தால் சார் இன்னும் பள்ளமான இடமாகத் தேடி உட்காருவார். பிறகு தன் ஓட்டைத் தமிழில், "உங்க பேச்சு பொட்டிக்குள்ள வெக்கலாமா?" என்பார். சரி என்றால்தான் மெஷின். பேட்டரி கட்டைகளை வெயிலில் வைத்துச் சூடாக்கி எடுத்துவருவது என் வேலை. பதிவு முடிந்ததும் முதலில் சொன்னவருக்கே போட்டுக் காட்ட வேண்டும், வேண்டாம் என்றால் அவர் எதிரிலேயே அழிக்க வேண்டும். ஒரு அம்மா தன் புருஷனுக்கு அழுத அழுகையைக் கேட்டுவிட்டு, "அய்யோ, இத வெக்காதீங்க சாமி" என்றாள். அப்படி ஒரு குரலை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. சார் ஒரு நிமிஷம்கூடத் தயங்காமல் அழித்தார்.

அப்புறம், முக்கியமான கதையாக இருந்தால் மூன்று தரம் பதிவு. ஒரு தரம் எங்களுக்குச் சொல்வது, ஒரு தரம் அவர்கள் ஆட்களுக்கு நடுவில் சொல்வது, ஒரு தரம் கையில் வேலையாக இருக்கும்போது தன்பாட்டுக்குச் சொல்வது. அப்படி மூன்று தரம் சொன்னவர்களில் ஒருவர்தான் சடையன். அந்தக் கட்டைக்குரல் அவருடையதுதான். சாமை விதைப்பவர், நாலு மாடு, அதில் ஒன்று செவலை. தங்கள் சனம் மலைக்கு வந்த கதையை அவர் சொன்னால் சாயந்திரம் இருட்டுவது தெரியாது.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

மலையில் தங்கி வேலை செய்ய அனுமதி கொடுத்த ஆபீசுக்கு மாசா மாசம் நாங்கள் ஒரு டைப் நகல் அனுப்ப வேண்டும். டைப் அடித்தவன் யார் என்று தெரிய, கீழ் மூலையில் என் பெயரின் முதல் எழுத்து இருக்கும். ஒரு மாசம் நகலைக் கொடுக்க நானே நேரில் போனேன். அதில் சடையன் பால் கறக்கும்போது பாடிய ஒரு பாட்டு. அங்கிருந்த கிளார்க் வாங்கிப் பார்த்தவர், பக்கத்து நாற்காலிக்காரரைத் தட்டினார்.

"யோவ், இங்க பாரு. 'கேட்டது: செவலை மாடு ஒன்று'. கவருமெண்டு சம்பளம் குடுத்து மாட்டுக்குப் பாட்டுப் போடறாங்க! இன்னா பாய், மாடு கைநாட்டு வெச்சுதா?"

அறை மொத்தமும் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன், காது மட்டும் பற்றி எரிந்தது. அடுத்த மாசத்திலிருந்து ஆபீஸ் நகலில் கேட்டவர் வரியை நான் அடிக்கவில்லை. ஒரே கதையை மூன்று தரம் அனுப்பினால் இன்னும் சிரிப்பார்கள் என்று, எங்களுக்குச் சொன்னதை மட்டும் அடித்து மற்ற இரண்டையும் விட்டுவிட்டேன். சாருக்குப் போகும் நகலில் எல்லாம் சரியாக இருக்கும். ஆபீசுக்குப் போவது மொட்டை நகல். இது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அது இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள். கீழே எங்கே போனாலும் சர்டிபிகேட் பேச்சுதான். தியாகதுருகம் பஸ்ஸில் ஏறினால் அதுதான், சங்கராபுரத்தில் டீ குடித்தால் அதுதான். யாருக்கு எவ்வளவு, யார் எந்தப் பட்டியலில், யார் உண்மை, யார் போலி. மலையில் மட்டும் அந்தச் சத்தம் கேட்காது. பனி விலகினால் வெயில், வெயில் போனால் மழை. நாங்கள் ஏதோ தனி நாட்டில் இருக்கிறோம் என்றே எனக்கு நினைப்பு.

ஒரு காலையில் சடையன் எங்கள் அறைக்கு வந்தார். கூட அவர் மகள் அலமேலு. நர்ஸ் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது, அவர்கள் ஊரிலிருந்து அப்படிப் போகிற முதல் பெண். பழங்குடிச் சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். அதற்கு வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். அன்றைக்குப் புதன். சான்றிதழ் வரவில்லை, ஒரு நோட்டீஸ் வந்திருந்தது. வியாழக்கிழமை விசாரணைக்கு வர வேண்டும். உங்கள் சனம் மலையைச் சேர்ந்ததல்ல, கீழ்நாட்டிலிருந்து ஒரு ராஜாவின் பட்டணத்தை விட்டு வந்தவர்கள் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள் என்று அதில் எழுதியிருந்தது. ஆதாரமாக ஒரு நகல் சேர்த்திருந்தார்கள். நான் அடித்த நகல்.

சடையன் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "உங்களாண்டதானே சொன்னேன் சார். ஆபீசாண்ட நான் சொல்லலியே" என்று மட்டும் சொன்னார். அலமேலு நோட்டீசைப் பிடித்தபடி கதவோரம் நின்றாள். பதினெட்டு வயசு. அழுது முடித்த முகம்.

சார் நகலை வாங்கிப் படித்தார். மேலிருந்து கீழே, மறுபடி மேலிருந்து கீழே. பிறகு எழுந்து போய் அதை என் டைப்ரைட்டர் மேல் கவிழ்த்து வைத்தார்.

"இப்படி எத்தனை போனது, காதர்?"

"தெரியல சார்" என்றேன். எனக்குத் தெரியும். பதினொன்று.

மறுநாள் விடிந்ததும் நான்கு பேரும் மலை இறங்கினோம். மெஷின் என் தோளில், கேசட்டும் அட்டையும் சார் பையில். கச்சிராயபாளையம் தாண்டி ரோட்டுக்கு வந்தால் ரோடு வெறிச்சோடிக் கிடந்தது. பஸ் இல்லை, லாரி இல்லை, மாட்டு வண்டிகூட இல்லை. புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பிஞ்சும் இலையுமாக மரம் அப்படியே படுத்திருந்தது, அதன் மேல் குருவிகள் கத்திக்கொண்டிருந்தன. அந்த ரோட்டில் நான் அவ்வளவு அமைதியைக் கேட்டதே இல்லை. எங்கள் காலடி எங்களுக்கே கேட்டது. நடக்கிறோமா, யாருடைய தூக்கத்திலோ வருகிறோமா என்று இருந்தது.

அந்த அமைதியில்தான் சார் பேசினார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"இங்கே இடஒதுக்கீடு வேண்டும் என்று மரத்தை வெட்டுகிறார்கள். என் ஊரில் வேண்டாம் என்று பஸ்ஸைக் கொளுத்தினார்கள். என் மகன் கொளுத்துகிறவர்கள் பக்கம் நின்றான். நான் எதிர்ப்பக்கம் கையெழுத்துப் போட்டேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எட்டு மாசம் பேசவில்லை. அப்புறம் நான் இங்கே வந்துவிட்டேன்." கொஞ்ச தூரம் போய் மறுபடி சொன்னார். "எத்தனை பேர் எதிரில் மெஷினை வைத்துச் சொல்லுங்கள் சொல்லுங்கள் என்று கெஞ்சியிருக்கிறேன், காதர். அவனை மட்டும் ஏன்டா என்று நான் கேட்கவே இல்லை."

நான் மெஷினைத் தோள் மாற்றிக்கொண்டேன்.

மூன்றாவது மரத்தின் மேல் பையன்கள் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"பாய், எங்க போய்க்கினு இருக்கீங்க? ஒண்ணும் ஓடாது. இன்னா பொட்டி அது?"

"டேப்பு மெஷினுப்பா. இந்தப் பொண்ணு சர்டிபிகேட் விசயமா போறோம். இன்னிக்கி விசாரணை."

"சர்டிபிகேட்டா?" என்று ஒருவன் இறங்கி வந்தான். "நாங்களும் அதுக்குத்தான் பாய் உக்காந்துகினு இருக்கோம். டேய், வழி உடுங்கடா. பொட்டிய வாங்கு, தண்ணிகிண்ணி பட்டுடப் போவுது."

மெஷினைக் கைமாற்றிக் கைமாற்றி மரத்துக்கு அந்தப் பக்கம் இறக்கினார்கள். சரியாக ஓடுகிறதா என்று போட்டுப் பார்த்தேன். குரல் இழுத்து இழுத்து ஆழத்திலிருந்து வந்தது. பேட்டரி செத்துவிட்டது. கடை ஒன்றும் திறந்திருக்காது. இறங்கி வந்த பையன் இரண்டு டார்ச் லைட்டைக் கழற்றிக் கட்டைகளைக் கொட்டிக் கொடுத்தான். சார் உடனே அட்டையை எடுத்து, "உங்க பேர்?" என்றார்.

எல்லா முகமும் மாறிவிட்டது. "இன்னா, பேர் எழுதறாரு? யாரு இவரு, போலீசா?"

"அய்யோ, இல்லப்பா! இந்த மனுஷன் யார் ஒரு வாய் தண்ணி குடுத்தாலும் பேரு எழுதுவாரு. மாடு பேருகூட எழுதுவாரு" என்று நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அலமேலுதான் முதலில் சிரித்தாள், அன்றைக்கு ஒரே ஒரு தரம். அப்புறம் அவர்களும் சிரித்தார்கள். "சரி, எழுதிக்கோங்க சார், புளியமரம்னு எழுதிக்கோங்க" என்றான் அவன். சார் அப்படியே எழுதினார்.

விசாரணை நடந்த ஊர்ப் பெயரும் ஆபீஸ் பெயரும் வேண்டாம், நான் நகல் கொடுத்த அதே ஆபீஸ்தான். அந்த அதிகாரியையும் நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வருஷம் ஒவ்வொரு சர்டிபிகேட்டுக்கும் இரண்டு பக்கத்திலிருந்தும் மனு குவிந்தது, மனுஷர் கண்ணில் தூக்கமே இல்லை. சாரும் அவரும் இங்கிலீஷில் பேசினார்கள். நான் சடையனுக்கும் அலமேலுவுக்கும் மெல்லத் தமிழில் சொல்லிக்கொண்டு நின்றேன்.

"இது உங்கள் திட்டத்து நகல்தானே?"

"ஆமாம்."

"இதை இவர் சொன்னாரா?"

"சொன்னார்."

சடையன் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு ஆத்திரம் வந்தது. சார் ஒரு பொய் சொன்னால் குறைந்தா போய்விடுவார்?

"ஆனால் இந்த நகலில் ஒரு வரி இல்லை" என்றார் சார். மெஷினை மேசை மேல் வைத்து, அட்டையை எடுத்து, பள்ளிக்கூடத்தில் வாசிப்பது போல வாசித்தார். "சொன்னவர், சடையன். கையில் ஒன்றுமில்லை. கேட்டவர், வெளியூர்க்காரர் இருவர், நோட்டுடன்." பட்டனை அமுக்கினார். ராஜா வந்தார், பட்டணம் வந்தது, ராஜா கொடுத்த கத்தி வந்தது. நகலில் இருப்பது அச்சாக அப்படியே.

இரண்டாவது அட்டை. "கையில் சாமைத் தாள். கேட்டவர், களத்தில் இருந்த உறவுக்காரர் பதினான்கு பேர்." இதில் ராஜாவே இல்லை. மூன்று அண்ணன் தம்பிகள், ஓடிப்போன ஒரு நாய், அதைத் தேடிக்கொண்டே ஏறிவந்து, நாய் வர மாட்டேன் என்றதால் இங்கேயே தங்கிவிட்டார்கள். கேசட்டுக்குள் பதினான்கு பேரும் சிரிக்கிறார்கள். அதிகாரிக்கும் உதடு அசைந்தது.

மூன்றாவது அட்டையை சார் அதே குரலில் வாசித்தார். "கையில் மாடு கட்டும் தும்புக் கயிறு. கேட்டது, செவலை மாடு ஒன்று."

பின்னால் யாரோ களுக்கென்றார்கள். அதே கிளார்க். அதிகாரி திரும்பிப் பார்த்ததும் அடங்கிவிட்டார். இருமல், தகரத்தின் மேல் மழை, மணி. பிறகு சடையன்.

"எங்கருந்து வந்தீங்கன்னு கேக்கறாங்க. வர்றவன் போறவன் எல்லாம் அதத்தான் கேக்கறான். எங்கருந்தும் வரல, இங்கதான் கீறோம்னு சொன்னா அவன் மூஞ்சி சுருங்கிப் பூடுது. பாவம், எவ்ளோ தூரம் ஏறி வந்திருக்கான். ஒரு ராஜாவக் குடுத்தா சந்தோசமா எழுதிக்கினு போறான். நீ எங்கருந்து வந்த? ஆங்? சொல்லு. உன்னிய எவனும் கேக்கல, நீ குடுத்து வெச்சவ."

மணி ஒரு தரம் குலுங்கியது. சார் நிறுத்தினார்.

"அப்படியானால் இதுதான் உண்மை" என்றார் அதிகாரி.

ஆமாம் என்று சொல்லுங்க சார், என்று நான் மனசுக்குள் மன்றாடினேன். அலமேலு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாது" என்றார் சார். "மாட்டிடம் சொன்னதும் ஒரு கதைதான். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் யார் எங்கே இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. விருந்தாளிக்குச் சொன்ன கதையை வைத்து ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்தலாமா என்பது மட்டும்தான் இங்கே கேள்வி. அதற்குப் பதில் நீங்கள் சொல்ல வேண்டும்."

அதிகாரி நகலை மறுபடி கையில் எடுத்தார். "இந்த வரியை விட்டது யார்?"

என்னை நிரந்தரமாக்கும் உத்தரவு அந்த மாசம்தான் வர வேண்டும். வீட்டில் மனைவி மாசமாக இருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. வெட்கமாக இருந்தது, பயம் அதைவிட ஜாஸ்தியாக இருந்தது.

"திட்டம் என்னுடையது. தப்பும் என்னுடையது. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்" என்றார் சார். அந்த வாக்கியத்தையும் நான் சடையனுக்குத் தமிழில் சொன்னேன். என் வாயாலேயே சொன்னேன்.

அதிகாரி தானே மெஷினைத் திருப்பி, மூன்றாவதை இன்னொரு தரம் கேட்டார். பிறகு தமிழில், "எங்க தாத்தாவும் ஏதோ ராஜா கூட குதிரையில வந்தவராம். அதெல்லாம் பாத்தா எனக்கே சர்டிபிகேட் கெடச்சிருக்காது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். சடையனுக்கு அழுகை வந்துவிட்டது. மறுநாள் அந்தப் புளியமரத்துப் பையன்கள் சைக்கிள் மாற்றிச் சைக்கிள் ஏற்றி, அலமேலுவை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

சார் ஏற்றுக்கொண்ட தப்பு மேலே போனது. அரசுக்குக் குறையான நகல் அனுப்பிய திட்டம் என்று, அடுத்த வருஷத்து நீட்டிப்பு வரவில்லை. என் உத்தரவு மட்டும் வந்தது, என்னை வேறு திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் அவரை ஏற்றிவிடப் போனேன். மீதியிருந்த வெற்று அட்டைகளைக் கண்ணாடி நூலால் கட்டி என்னிடம் கொடுத்தார். "உனக்குத் தேவைப்படும்" என்றார். அந்த வரியைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு வருஷம் கழித்து ஒரு கார்டு வந்தது: "மகனைப் பேசச் சொன்னேன். மெஷின் இல்லை. நான்கு நாள் ஆயிற்று. கேட்டவர்: நான்." அப்புறம் அவர் காலமான செய்திதான் வந்தது.

அதன் பிறகு என் சர்வீஸ் முழுக்க ஒரு நகலில்கூட அந்த வரியை நான் விட்டதில்லை. கண்டிப்பான ஆள் என்று பெயர் எடுத்தேன். பென்ஷன் வாங்குகிறேன்.

அலமேலு நர்ஸ் ஆனாள். மலை மேலேயே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை, அடுத்த வருஷம் ஓய்வு. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு ரத்த அழுத்தம் பார்ப்பாள். பார்த்து முடித்ததும், "வேற எதுனா சொல்லணுங்களா சார்?" என்பாள். "ஒண்ணும் இல்லம்மா" என்பேன். நர்ஸுகள் எல்லாரிடமும் கேட்பதுதானே என்று நினைத்துக்கொள்வேன்.

இதை இதுவரை எழுதி முடித்து, போன வாரம் எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். பனி. தகரத்தின் மேல் தூறல். அவள் என் கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, இறக்கி, எழுதிக்கொண்டு, "ஜாஸ்தியா இருக்குதே" என்றாள். பிறகு, "வேற எதுனா சொல்லணுங்களா சார்?"

"சொல்லணும்மா. அந்த வரிய விட்டது சார் இல்ல. நான்."

பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. "தெரியும் சார்."

"எப்படி?"

"மூலையில உங்க எழுத்து இருந்துச்சே. நோட்டீசு வந்த அன்னிக்கே பாத்துட்டேன். கீழ ஆபீசுல உங்களைக் கேக்கலாம்னுதான் வாயத் தொறந்தேன். சாரு கையக் காட்டி நிறுத்திட்டாரு. வெளிய வந்தப்புறம் அந்த ஓட்டைத் தமிழ்ல சொன்னாரு, 'அவர் சொல்லுவார்மா. நீதான் கேக்கணும், வேற யாரும் வேணாம்'னு. நானும் வர்றப்போ எல்லாம் கேட்டுக்கினுதான் இருக்கேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கிட்டத்தட்ட நாற்பது வருஷமாக இவள் என் எதிரில் காத்திருந்திருக்கிறாள், நான் ரத்த அழுத்தத்தைக் காட்டிவிட்டுக் காட்டிவிட்டுப் போயிருக்கிறேன். சட்டைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து வைத்தேன். சொன்னவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருந்தேன். அவள் பேனாவை எடுத்து, கடைசி வரியில் தன் பெயரை நிதானமாக எழுதினாள். மை காயும்வரை பார்த்துவிட்டு, பட்டையை மறுபடி எடுத்தாள்.

"கையக் குடுங்க சார், திரும்பப் பாத்துடலாம். முன்ன எடுத்தது சரியா இருக்காது."